சுப்புத்தாயின் உப்புச் சட்டி

ராயப்பன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் சுருளிராஜனுடையது. அதில் பாடுபடுவது அவர் மனைவி சுப்புத்தாய். அவளை அடிப்பது மட்டும்தான் அவர் வேலை. அவளுக்கு இடது காது கேட்காமல் போனது அவர் கைங்கரியம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசி மழைக்குப் பந்தலில் ஓடில்லா நத்தை ஏறிவிடும். விரல் நீளம், மண் நிறம், நனைந்த தோல்செருப்பு மாதிரி முதுகு. தலையில் இரண்டு நீளக் கொம்பு. நுனியில் கறுப்புப் புள்ளியாகக் கண். கீழே மோப்பம் பிடிக்கக் குட்டைக் கொம்பு இரண்டு. வெயில் நேரத்தில் சருகுக்குள்ளும் சொட்டுநீர்க் குழாய்க்கு அடியிலும் ஒடுங்கிக் கிடக்கும். மழை விட்டதும் கல்தூணில் ஏறித் தளிரைத் தின்னும். போன தடமெல்லாம் கோழை மினுங்கும்.

சாயங்காலம் நனைத்த சாக்கை வரிசைக்கு நடுவே விரிப்போம். விடிந்து பார்த்தால் அதனடியில் நத்தை அப்பிக் கிடக்கும். சாக்கோடு ரோட்டுக்குக் கொண்டுபோய்த்தான் உப்புப் போடுவோம். சுருளிராஜனுக்கு அந்தப் பொறுமை ஏது? கொடியின் தூரிலேயே சட்டி சட்டியாகக் கொட்டினார். உப்புப் பட்டதும் நத்தையின் கண் கொம்புக்குள் ஓடி ஒளியும், உடம்பு நுரைத்துத் துடிக்கும். அவர் குத்தவைத்து உட்கார்ந்து ரசிப்பார்.

"தூருல கொட்டாதீக, கொடி பட்டுப்போகும்" என்றாள் சுப்புத்தாய்.

"எனக்கே வெள்ளாமை சொல்லித்தாரியாடி?" பளாரென்று அறை விழுந்தது.

அவள் சொன்னபடியே கொடிகள் இலை கருகி வரிசையாகப் பட்டுப்போயின. பழி மட்டும் அவள் மேல். ஒரு நாள் அவள் தூரில் கிடந்த உப்பு மண்ணைச் சுரண்டிச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள். கழுவிவிடக் குடத்தில் தண்ணீரும் வைத்திருந்தாள்.

"தோட்டத்த அழிச்சிட்டியேடி!" மம்பட்டியிலிருந்து உருவிய கணைக் கட்டையோடு வந்தார் சுருளிராஜன். முதல் அடியில் அவள் இடது கை முறிந்த சத்தம் வரப்பில் நின்ற எனக்கே கேட்டது. நான் ஓடிப்போவதற்குள் மறுபடி ஓங்கினார், இந்த முறை தலைக்கு.

அவள் சட்டியிலிருந்த உப்பு மண்ணை அப்படியே அவர் முகத்தில் விசிறினாள். நத்தைக்குக் கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரியும். சுருளிராஜனுக்குத் தெரியாது. "தண்ணி! தண்ணி!" என்று அலறிக்கொண்டு மண்ணில் புரண்டார்.

சுப்புத்தாய் குடத்தை ஒற்றைக் கையால் தூக்கினாள். அவரைத் தாண்டிப்போய், பச்சை மிச்சமிருந்த ஒரே கொடியின் தூரில் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள்.

"அங்கன வாய்க்கா ஓடுது" என்றாள். "தவந்து போ."