லமினேட் தரையில் ஒரு வாளித் தண்ணீர்

போன வாரம் வீட்டு ஹோலில் கால் தடுக்கி விழப் பார்த்தேன். லமினேட் பலகைகள் உப்பி, ஓரங்கள் மேலெழும்பி நிற்கின்றன. புதுத் தரைதான்... போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அது என் மனைவி வசந்திக்காகப் போட்ட தரை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவளுக்குக் கால்கள் விறைக்கும். வெறும் சீமெந்தில் கால் வைத்தாலே முகம் சுருங்கிவிடும்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லில், துறைமுகத்தைப் பார்த்த சரிவில். சீமெந்து பார்வைக்குக் காய்ந்திருக்கும் – அதை நம்பிப் பலகை போட முடியுமா? ஹாட்வெயார் கடைக்கார முஸ்லிம் அண்ணர் – நானா என்போம் – ஒரு வழி சொன்னார். ஒரு பொலித்தீன் துண்டைத் தரையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, அடியில் ஈரம் வேர்த்திருக்கிறதா என்று மறுநாள் பார்க்க வேண்டும். தூக்கிப் பார்த்தது வசந்திதான்.

“இஞ்ச பாருங்கோ, வேர்த்திருக்கு!” – ஏதோ பரிசு விழுந்த மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே முதலில் பொலித்தீன், அதன் மேல் தடித்த ஃபோம், அதற்கும் மேல் பலகை. “கீழால வாற ஈரத்துக்கு இது காணும் சேர், வேற ஒண்டும் தேவையில்ல. மேலால மட்டும் தண்ணி ஊத்திப்போடாதீங்க” என்றார் நானா.

அதன் பிறகு நான் காவல்காரன். தேநீர் சிந்தினால்கூடத் துணியோடு ஓடுவேன். “இது தரையோ, சாமியோ?” என்று வசந்தி சிரிப்பாள்.

அவள் அதில் நடந்தது கொஞ்ச நாள்தான். பிறகு அதே ஹோலில்தான் அவளைக் கிடத்தினோம்.

பிரேதம் எடுத்ததும் வீடு கழுவ வேண்டும் அல்லவா? வண்டி புறப்படும் நேரம் அவளுடைய தங்கை வாளியோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

“அத்தான்... பலகைத் தரையெல்லோ. கழுவாமல் துடைச்சு விடட்டோ?”

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அயலில் எந்தச் செத்த வீடு என்றாலும் முதலில் வாளி தூக்குகிறவள் வசந்தி. மூலைமுடுக்கெல்லாம் தண்ணீர் ஓடினால்தான் அவளுக்குத் திருப்தி. அவளுடைய வீட்டை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதா?

“ஊத்துங்கோ பிள்ளை. நல்லா ஊத்துங்கோ” என்றேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

நேற்று, தரை போட்ட மேஸ்திரி பாஸ் வந்து ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தார்.

“ஃபோம் இன்னும் ஈரம் ஐயா. கீழ பொலித்தீன், தண்ணி போக வழியில்லை. முழுக்கக் கழற்ற வேணும். திரும்ப இதே ஃபோம் போடுவமோ?”

பொலித்தீனை விலக்கி, கீழே தெரிந்த சீமெந்தில் வெறுங்காலை வைத்தேன்.

“ஒண்டும் வேண்டாம் பாஸ். சீமெந்தே காணும்... எனக்குக் கால் விறைக்கிறேல்லை.”