மஞ்சள் வண்டியில் இரண்டு சின்ன இருக்கைகள்

சித்தப்பாவின் வண்டியில் பின்சீட்டு என்று ஒன்று இருப்பதை நம்பியவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அதைப் பை வைக்கிற இடம் என்றே நினைத்தார்கள். இரண்டே கதவு, தரையோடு பதுங்கிய உடம்பு, எலுமிச்சை மஞ்சள் நிறம். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்த சித்தப்பா, கொச்சியில் ஒரு எஸ்டேட்காரரிடம் அதை வாங்கி, மலைப்பாதையில் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கச் சொன்னால் நழுவிவிடுவார். வண்டிக்கு மட்டும் தினமும் காலையில் குளியல் உண்டு. பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருமுனை வேகத்தடையைக் கடக்கும்போது, அடிவயிறு இடிக்கக் கூடாது என்று வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவார்.

முன்சீட்டை மடக்கி உள்ளே நுழைந்தால், பின்னால் ஒரு பத்து வயதுப் பெண் சம்மணம் போட்டு உட்காரலாம். அந்தப் பெண் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா நண்பர் ஒருவரோடு சின்னமனூர் பக்கம் போகும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார். திராட்சைப் பந்தல்கள் என் காதுக்குப் பக்கத்தில் ஓடும். உலகத்திலேயே எனக்கென்று தனியாக இருந்த இடம் அதுதான்.

முழுப்பரீட்சை விடுமுறை தொடங்கியிருந்த ஒரு நாள், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி அமெரிக்காவிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை, கையில் மூன்று வயதுப் பையன். மதுரையிலிருந்து வந்த வாடகைக் காரில் இரண்டு பெட்டிகளும், கண்ணாடித்தாள் சுற்றிய இரண்டு குட்டி நாற்காலிகளும் இருந்தன. அம்மா அவற்றைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, சலூன்காரர் யாராவது கொடுத்துவிட்டாரா என்று கேட்டாள்.

"கார்ல பிள்ளைக உக்கார்றதுக்கு மதினி. அங்க இது இல்லாட்டி, பிறந்த பிள்ளைய ஆஸ்பத்திரில இருந்தே வெளிய விட மாட்டாக" என்றாள் அத்தை.

மாமா வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அத்தை சொன்னாள். அப்பா சாப்பிடும்போதெல்லாம், "மாப்பிள்ளைக்குப் போன் போட்டியாம்மா?" என்று கேட்பார். "அங்க இப்ப ராத்திரிண்ணே" என்று அத்தை சொல்வாள். காலையில் கேட்டாலும் அங்கே ராத்திரி, மாலையில் கேட்டாலும் ராத்திரி. பகல் முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

அப்பாவிடம் ஸ்கூட்டர் மட்டும்தான். குழந்தைகளை வெளியே கூட்டிப் போக வேண்டுமானால் மஞ்சள் வண்டிதான் கதி. நாற்காலி இல்லாமல் பிள்ளைகள் அதில் ஏறக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள்.

"மடில வச்சுக்கிட்டாப் போதாதாக்கா? நாம எல்லாம் மாட்டு வண்டிலயும் லாரிலயும் வளரலையா?"

"போதாதுடா."

அத்தை அதிகம் பேசுகிறவள் அல்ல. சித்தப்பா வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். முதல் நாற்காலி கதவிலேயே சிக்கிக்கொண்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. சித்தப்பா வெளியிலிருந்து தள்ள, நான் உள்ளேயிருந்து இழுத்தேன். தலைகீழாகத் திருப்பியபோதுதான் வழிவிட்டது. இரண்டாவது, பாப்பாவுடையது, பின்னோக்கி வைக்க வேண்டிய நாற்காலி. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு டீச்சர் மனம் பொறுக்காமல் கிட்டே வந்தார்.

"என்னத்தா, பிள்ளைக்கு முதுகத் திருப்பி வச்சிருக்கீக? வந்த ரோட்டத்தான பாத்துக்கிட்டே போகும்?"

"பிரேக் போட்டாக் கழுத்துல அடிபடாது டீச்சர்" என்றாள் அத்தை.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. நாற்காலியைப் பிடித்து நிறுத்த வண்டியின் பின்பக்கம் பெல்ட்டே கிடையாது. ஏலக்காய் மூட்டை கட்டுகிற கயிற்றைக் கொண்டுவந்து சித்தப்பா குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். அத்தை ஒரு கையால் நாற்காலியைப் பிடித்து அசைத்தாள்.

"ஆடுது."

அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஆடுதுடா."

தேனியிலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். தரையில் நாலு ஓட்டை போட்டு, அடியில் இரும்புப் பட்டை கொடுத்து, போல்ட்டு முடுக்கி பெல்ட்டு மாட்டினால்தான் நிற்கும் என்றார். சித்தப்பாவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"ஓட்டையா? இந்த வண்டில ஒரு குண்டூசி இறங்க விட மாட்டேண்ணே."

கயிறு கட்டிய நாற்காலிகளோடு வண்டி மரத்தடியில் நின்றது. அத்தை பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு நடந்தே போய் வந்தாள். வெயிலில் பாப்பாவின் கன்னம் சிவந்திருந்தது. அம்மா சித்தப்பாவுக்குச் சோறு போடும்போது குழம்புக் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். எனக்குச் சித்தப்பா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. நாற்காலிகள் இருந்த இடம் என்னுடையது.

அந்த வார இறுதியில் மெக்கானிக் அண்ணன் வேறு ஏதோ வேலைக்காக வந்தவர், வண்டிப் பக்கம் நின்றார். வேறு வழியில் மாட்ட முடியுமா என்று பார்ப்பதற்காகச் சித்தப்பா கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். அத்தை நாற்காலியின் இடுக்கில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்க இதுதான் சமயம் என்று நான் கேட்டேன்.

"அத்தை, நீங்க ஊருக்குப் போறப்ப இதையும் எடுத்துட்டுப் போயிருவீகள்ல?"

அத்தை தலை நிமிராமலே சொன்னாள். "இல்ல புள்ள. இது இங்கனயே இருக்கட்டும்."

எனக்கு அழுகை முட்டியது. சித்தப்பாவின் கை நின்றுவிட்டது.

"அக்கா. மச்சான் எப்ப வாராக?"

அத்தை துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பிறகு, "இந்தப் பெல்ட்டெல்லாம் மதுரைல கிடைக்குமாடா?" என்று கேட்டாள்.

சித்தப்பா அவளையே பார்த்தபடி நின்றார். கையிலிருந்த கயிறு அவிழ்ந்து காலடியில் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. அப்புறம் மெக்கானிக் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, ஓட்டையப் போட்டுருங்க."

"நாலுமாப்பா?"

"நாலும். பெல்ட்டு பழசு வேணாம், புதுசா வாங்கிருவோம்."

"ஒரு மாசத்துக்குத்தானப்பா, நான் வேணா கயித்தவே இன்னும் கொஞ்சம் இறுக்கி..."

"போடுங்கண்ணே."

பெல்ட்டு வந்த அன்று ட்ரில் மிஷினுக்குக் கரண்டு எங்கள் முன்னறையிலிருந்து போனது. அந்தச் சத்தத்துக்குப் பாப்பா அலறியது. சித்தப்பா வண்டியைப் பார்க்கவில்லை. பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். மஞ்சள் பெயிண்டோடு சுருள் சுருளாக இரும்புத் தூள் விழுந்தது. நான் அதில் கொஞ்சம் பொறுக்கி ஜாமென்ட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

எல்லாம் முடிந்ததும் அத்தை நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். வண்டிதான் குலுங்கியது, நாற்காலி அசையவில்லை. அதன் மேலேயே நெற்றியை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். அடியில் இருக்கிற போல்ட்டைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் குனிந்து பார்த்தேன்.

இனி புறப்பட வேண்டியதுதான் என்றபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. பையனின் காலுக்கு இடம் விட டிரைவர் சீட்டை முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. சித்தப்பா நல்ல உயரம். உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. சாய்ந்து பார்த்தார், காலை அகட்டிப் பார்த்தார், முடியவில்லை. இறங்கிச் சாவியை அத்தையிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டுக்கா."

"அங்க ஸ்டியரிங் இடது பக்கம்டா. எனக்கு இந்தப் பக்கம் உக்காந்து ஓட்டிப் பழக்கமில்ல."

"பழகிக்கிருவ."

பாப்பாவின் நாற்காலி இடித்ததால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டும் முன்னால் ஏறியிருந்தது. பெரியவர்கள் யாருக்கும் அங்கே கால் வைக்க இடமில்லை. ஆகவே நான் ஏறினேன். முன்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அத்தை எனக்கும் பெல்ட்டு மாட்டிவிட்டாள்.

அத்தை அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. ஜூன் மாதம் பையனை எங்கள் பள்ளியிலேயே சேர்த்தாள். அடுத்த வருடம் தேனியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்து, பையனைப் பள்ளியில் இறக்கிவிட்டு அந்த வண்டியிலேயே போய்வந்தாள். சித்தப்பா போடிக்கு மோட்டார் சைக்கிளில் போனார். மழைக்காலத்தில் நனைந்து வருவார். வண்டியைத் திருப்பிக் கேட்டதில்லை. அமெரிக்காவில் மாமாவோடு இருந்த வீட்டில் அத்தை என்ன பட்டாள் என்பதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அம்மா அதை என்னிடம் சொன்னபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. தெருமுனையைத் தாண்டி, வீரபாண்டி போகிற ரோட்டில் வண்டி ஏறியது. திரும்புவதற்கு விளக்குப் போட வேண்டிய அத்தை வைப்பரைப் போட்டுவிட்டாள். சித்திரை வெயிலில், பொட்டு மழையில்லாத கண்ணாடியில் அது இங்கும் அங்கும் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. பின்னாலிருந்து பையனும் சிரித்தான். சிரித்துச் சிரித்து அத்தை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முன்சீட்டில் உட்கார்ந்த பெருமையில் எனக்கு ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. இந்த இடமும் எத்தனை நாளைக்கோ.

"அத்தை, மாமா வந்தா எங்க உக்காருவாக?"

அத்தை ரோட்டைப் பார்த்தபடியே, "இதுல அவருக்கு இடமில்ல புள்ள" என்றாள்.

நான் பெல்ட்டை இழுத்துக்கொண்டு திரும்பி வண்டிக்குள் நன்றாகப் பார்த்தேன். அத்தை சொன்னது சரிதான். இடமே இல்லை.