லத்தீனில் மட்டும் இருந்த மூன்று வரிகள்

சிசிலியின் கணவன் பயஸ் பெரிய பொறுமைசாலி. கேரளத்தில் பூவாருக்குத் தெற்கே அந்தக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. ஒரு நாள் முணுமுணுத்ததில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. பொறுமைசாலியோடு குடும்பம் நடத்துகிறவளின் பாடு என்ன என்று மட்டும் எவரும் விசாரித்ததில்லை.

விடிந்ததும் அவள் ரிசார்ட் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கப் போக வேண்டும். இடுப்பு ஒடியத் திரும்பி வந்து உலை வைக்க வேண்டும். கடல் ஏறி வந்து வீட்டை இடித்த வருஷம் அவள் வாய்விட்டு அழுதாள். உடனே பயஸ், சிறுவயதில் அப்பா மனப்பாடம் செய்ய வைத்த மூன்று வரிகளைச் சொன்னான். பழைய ஏற்பாட்டில், கண்ணில் குருவி எச்சம் விழுந்து பார்வை இழந்த ஒரு பெரியவர் வருவார். கண் போனதற்காக அவர் கடவுளை நொந்துகொள்ளவில்லை, ஆயுள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார் என்பது அந்த வரிகளின் சாரம். அதன் பிறகு அவள் மூக்கை உறிஞ்சினாலே போதும், அந்த வரிகள் வந்துவிடும். அழுகை முட்டும்போது ரிசார்ட்டின் வாஷிங் மெஷின்கள் பக்கம் போய் நின்றுகொள்வாள். அந்த இரைச்சலில் ஒன்றும் வெளியே கேட்காது.

அவர்கள் பங்குக் கோவிலில் மலையாளத்தோடு தமிழ்ப் பூசையும் உண்டு. இந்த வருஷம் குடும்பத்துக்கு ஓர் அதிகாரமாகப் பைபிள் முழுவதையும் கோவிலில் வாசிக்க ஏற்பாடு. பங்குச்சாமியார் ரெஜியை எல்லோரும் அச்சன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குருட்டுப் பெரியவரின் அதிகாரத்தை அவர் பயஸ் வீட்டுக்கே கொடுத்தார். சிசிலி புத்தகத்தைப் பார்த்து வாசிப்பாள், அந்த மூன்று வரிகள் வரும்போது பயஸ் மனப்பாடமாகச் சொல்வான் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். சிசிலி வாசித்துக்கொண்டு போனாள். பெரியவருக்குப் பார்வை போனது. வைத்தியர்களால் ஆகவில்லை. மனைவி கூலிக்கு நெய்து குடும்பம் நடத்தினாள். அந்த இடத்தில் பயஸ் கையைத் தூக்கினான்.

"எட்டி, நடுவில விட்டுட்டே."

"விடல்ல. இதில அப்பிடித்தான் இருக்கு."

"நல்லா பாரு."

மூன்று தரம் வாசித்தாள். அந்த வரிகள் இல்லவே இல்லை.

"உனக்கு அந்த வசனம் பிடிக்காது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கண்ணு தெரியாதவன்கிட்ட கள்ளம் காட்டுறியா?"

சிசிலிக்கு நெஞ்சு எரிந்தது. அவனுடைய மருந்துச் சீட்டும் வந்த கடிதமும் இத்தனை வருஷமாக அவள் கண்ணால்தான் அவனுக்குத் தெரிந்தன. ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ அவள் சொன்னதில்லை. "எழும்புங்க, அச்சன்கிட்டயே கேப்போம்" என்று புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, அவன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருவர் அவனிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அச்சன் அலமாரியிலிருந்து பழைய பைபிள் ஒன்றையும் எடுத்துவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தார்.

"சிசிலி சேச்சி சரியாத்தான் வாசிச்சிருக்காவ. பயஸ் அண்ணே, பழைய தமிழ் பைபிள் லத்தீன்ல இருந்து வந்ததாக்கும். நீங்க சொல்லுற மூணு வரி லத்தீன்ல உண்டு. புதுசு, கிரேக்க ஏட்டைப் பாத்துச் செஞ்சது. அதில இல்ல."

பயஸின் முகம் செத்துப்போனது. "அப்போ நான் இத்தன வருஷம் பிடிச்சுக்கிட்டு நின்னது பொய்யா?"

"பொய்யில்ல. எத்தனையோ நூறு வருஷம் சபை லத்தீனைத்தான் வாசிச்சுது. புண்ணியவான்மாரு அதை வச்சுத்தான் செபிச்சாவ. அதைச் சபை தள்ளிவைக்கல்ல. மூலத்துக்குக் கிட்ட போகணும்னு கிரேக்கத்தையும் பாக்குது." அச்சன் இரண்டு புத்தகத்திலும் விரல் வைத்துக் கீழே இறங்கினார். "ஆனா ஒண்ணு உண்டு. கொஞ்சம் கீழ அந்த மனுஷன் பெண்டாட்டி மேல களவுப்பழி போடுறாரு. அவ எதுத்துக் கேக்குறா. அவரு அழுது, எனக்குச் சாவைக் குடுன்னு கடவுள்கிட்ட கேக்குறாரு. இது கிரேக்கத்திலயும் உண்டு, லத்தீனிலயும் உண்டு. அப்பா சொல்லித் தரல்லியா?"

பயஸ் இல்லை என்று தலையசைத்தான். அப்பா அந்த மூன்று வரியோடு நிறுத்திவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். தான் சொன்னது நிஜம் என்று ஆகிவிட்டதே, சிசிலிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் தோளைப் பிடித்து வந்தவன் பழகின வழியிலேயே அடிக்கொரு தரம் தடுக்கினான். பாதி வழியில் பயஸ் நின்றான்.

"சிசிலி, உன்னைக் கள்ளின்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "மொதல் வருஷம் நானும் கேட்டேன். எனக்குச் சாவு வரணும்னு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல."

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நானும் கேட்டிருக்கேன்" என்றாள். "நிங்களுக்கு."

பயஸின் விரல்கள் அவள் தோளை இறுகப் பிடித்தன. எதிரே வந்த ஆட்டோ ஹார்ன் அடித்து ஒதுங்கிப் போயிற்று.

"சொல்லு" என்றான். "இன்னும் இருக்கும். எல்லாம் சொல்லு."

நட்ட நடுப் பகலில், தெருவில் நின்று சிசிலி ஓங்கி அழுதாள். அவன் தடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்வை போன கண்ணிலும் கண்ணீர் வரும் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.