சமதரையில் நடக்கத் தெரியாத பிள்ளை

என் மகள் அஞ்சலைக்கு நாலு வயதில் சமதரையில் நடக்கத் தெரியாது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள், நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் ஹல்துமுல்லைக்கு மேலே மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற எங்கள் தோட்டத்தில் சமதரை என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களம். அதைத் தாண்டினால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். இங்கே பிறக்கிற பிள்ளைகள் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நிற்கப் பழகுகிறார்கள், பிறகு பக்கவாட்டிலேயே நடக்கவும் பழகிவிடுகிறார்கள். அஞ்சலை சரிவில் இறங்கினால் தண்ணீர் இறங்குவதுபோல் இருக்கும். அதே பிள்ளையைப் பெரட்டுக் களத்தில் விட்டால், இல்லாத படியில் ஏறுகிறவள் மாதிரி முழங்காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். நாலடி போனதும் உட்கார்ந்துகொள்வாள். எனக்கும் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும், பிறகு கவலை வரும்.

நடை மட்டுமா? அவளுக்குத் தெரிந்ததும் தெரியாததும் ஒரு ஒழுங்கில் இல்லை. காலில் அட்டை ஏறினால் அழமாட்டாள். என் வெற்றிலைப் பையைத் திறந்து, சுண்ணாம்பை விரலில் தொட்டு வைத்து, அட்டை சுருண்டு விழுகிறவரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வரும்போது, அது வெறும் மூட்டமா, பின்னால் மழை வருகிறதா என்று மூக்கைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆட்களை வேலை வாங்குகிற கங்காணிக்கே அது சில நாள் தப்பும். ஆனால் சோற்றுக்கை எது என்று தெரியாது. இரண்டுக்கு மேல் எண்ணமாட்டாள். நேற்று, நாளைக்கு என்ற இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். பேச்சும் குறைவு, வேண்டியதை ஒரு சொல்லில் கேட்பாள், கிடைக்காவிட்டால் அதையும் கேட்கமாட்டாள். மூட்டம் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலை மூடிக்கொள்கிற நாட்களில் அவள் அதற்குள் போய் நின்றுகொண்டு கையை நீட்டி நீட்டிப் பார்ப்பாள். உலகம் அவளுக்கு இரண்டு முழ அகலமாகத்தான் இருந்தது, அதில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை.

நானும் ஒழுங்காக எதையும் கற்றவள் இல்லை. ஊரில் என் அண்ணன் மணலில் எழுதிப் படிக்கும்போது நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். பெண்பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எதிரே இருந்து பார்த்துப் பார்த்து எழுத்தெல்லாம் எனக்குத் தலைகீழாகப் படிந்துவிட்டது. இன்றைக்கும் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்தால்தான் வேகமாகப் படிப்பேன். என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. அவருக்கு இலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, அங்கே இருக்கிற ஆளையெல்லாம் கூட்டிவந்து காட்டியிருக்கிறார்.

ஒருநாள் ஆற்றுப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வெற்றிலை கொண்டுவருகிற அம்மாள் எங்கள் லயத்துப் பக்கம் வந்தாள். அஞ்சலை அப்போது ஒரு கட்டுச் சுள்ளியைத் தலையில் வைத்து மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பிள்ளையின் தலைக்கு மேலே கையை வைத்துக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். இப்படி எத்தனை பிள்ளை என்று கேட்கிறாள் என நினைத்து நான் ஒரு விரலைக் காட்டினேன். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். சுள்ளியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி என் விரலைப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தையே எடுத்து அஞ்சலையிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கேட்டது வயதை என்பது எனக்கு அவள் போன பிறகுதான் உறைத்தது. ஒரு வயதில் விறகு சுமக்கிற பிள்ளையைப் பற்றி அவள் கிராமத்தில் என்ன சொன்னாளோ. எனக்கு மட்டும் வெகுநாளைக்குப் பிறகு என் பிள்ளையை ஒருவர் அதிசயமாகப் பார்த்தது இனித்தது.

ஏனென்றால் வீட்டில் அப்படி யாரும் பார்க்கவில்லை. துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கிற என் நாத்தனார் அங்கம்மாள் யாரிடமோ சொல்லி எழுதி ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. அஞ்சலையை என்னிடம் விடுங்கள், காடு மேடு என்று திரிந்து மந்தமாகிவிடும், நான் ஆளாக்கித் தருகிறேன் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை நான் நேராகவும் படித்தேன், தலைகீழாகவும் படித்தேன். எப்படிப் படித்தாலும் அதேதான் இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே சரி என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

"அங்க இருந்தா நாலு விசயம் தெரிஞ்சுக்கும். இங்க என்னத்தத் தெரியும் அதுக்கு? அட்டைய எடுக்கத் தெரியும்" என்றார்.

"உங்களுக்கு அதுகூடத் தெரியாது. என்னையதான் கூப்பிடுவீங்க" என்றேன்.

வாய்க்கு வாய் பேசினேனே தவிர, விடமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பிள்ளை மந்தமாக இருந்து, நான் என் ஆசைக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு அதைக் கெடுத்துவிட்டால்? அந்தப் பங்குனியில் பெரிய கங்காணி ஆள் சேர்க்க ஊருக்குப் புறப்பட்டார். அவர் குடும்பத்தோடு என்னையும் பிள்ளையையும் அனுப்பினார்கள். போகும்போது இருவர், திரும்பும்போது நான் மட்டும் என்று பேச்சு.

பண்டாரவளையில் ரயில் ஏறியதிலிருந்து எனக்கு எல்லாம் கனவில் நடக்கிறதுபோலவே இருந்தது. மலை ஒவ்வொன்றாகக் கழன்று பின்னால் போயிற்று. கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பல். கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஆண் பெண் அத்தனை பேரும் சுருண்டு படுத்துவிட்டோம், கங்காணி உட்பட. அஞ்சலை மட்டும் ஆடுகிற பலகையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். சாய்கிற தரை அவளுக்குச் சொந்த வீடு. நான் படுத்தபடியே கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அவள் பாவாடை ஒரு பக்கம் போகும், மூடித் திறந்தால் மறுபக்கம் போகும். அந்தக் கடல் முடியாமலே இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

ஊர் அப்படியே இருந்தது, தட்டையாக. எட்டு வருடத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது, பார்வை எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருக்கும் என்பது. மறுநாள் காலையில் தெருவில் இறங்கி அஞ்சலை முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் அதேபோல் நடந்து காட்டின. அங்கம்மாள் அவர்களை விரட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவரைக் கெட்டவராக எழுதினால் என் கை அழுகிப்போகும். அன்றைக்கே ஆரம்பித்தார். இது சோத்துக்கை, இது பீச்சாங்கை. இது ஒண்ணு, இது ரெண்டு, இது மூணு. பத்து நாளில் பிள்ளை ஐந்துவரை எண்ணியது, வலக்கையால் சாப்பிட்டது, அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட்டது. தெருவில் நேராக நடந்தது. நாலு வருடம் நான் சொல்லி வராதது பத்தே நாளில் வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பெருமைப்பட வேண்டிய நேரத்தில் பொறாமைப்பட்டேன், அதுதான் உண்மை.

"பாத்தியா, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. சொல்லிக் குடுக்க ஆளு வேணும், அவ்வளவுதான்" என்றார் அங்கம்மாள்.

"ஆமாங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

நான் புறப்பட வேண்டியதற்கு முந்தின நாள், வெயில் சாய்கிற நேரம். நானும் அங்கம்மாளும் கூடத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். பிள்ளை எவ்வளவு தேறிவிட்டது என்று எனக்குக் காட்ட நினைத்தார்போல. சின்னச் சொம்பைக் கொடுத்து, "அஞ்சல, அத்தைக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா பாப்போம்" என்றார். பிள்ளை அடுப்படிக்குப் போனது. அங்கே பானை காலியாக இருந்ததை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். பேச்சு சுவாரசியத்தில் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு அடுப்படியைப் பார்த்தால் பிள்ளை இல்லை, சொம்பும் இல்லை, பின்கதவு திறந்திருந்தது.

கொல்லைக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அங்கம்மாள் எழுந்து ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. அந்தப் பத்து நாளும் கிணற்றுப் பக்கம் பிள்ளையின் நிழல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டவர் அவர். தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். தெருவே திரண்டது, இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினார்கள். எனக்குக் காது அடைத்து, எல்லாம் மூட்டத்துக்குள் நடக்கிறதுபோல் ஆகிவிட்டது. அந்த மூட்டத்துக்குள் மெதுவாக ஒரு நினைப்பு வந்தது. இவளுக்குத் தண்ணீர் கீழே இருக்கும் என்றே தெரியாதே. கிணற்றையே அவள் பார்த்ததில்லையே. எங்கள் லயத்தில் தண்ணீர் மேலே மலையிலிருந்து பீலி வழியாக வந்து கொட்டும். பானை காலியானால் பீலியடிக்குப் போவோம், மேட்டைப் பார்த்து. அவள் மேட்டைத் தேடித்தான் போயிருப்பாள். இந்த ஊரில் மேடு எங்கே இருக்கிறது?

ஏரிக்கரைதான். ஓடினேன். கரைமேல் ஏறி நின்று பார்த்தேன். பங்குனி வெயிலில் ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மறுபக்கம், வயலுக்குத் தண்ணீர் விடுகிற மதகின், எங்கள் பீலி மாதிரியே நீட்டிக்கொண்டிருந்த கல் வாய்க்குக் கீழே என் மகள் குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் சொம்பை அந்தக் காய்ந்த கல்லுக்கு அடியில் ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் போனதும் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் பயம் ஒன்றுமில்லை.

"இன்னும் வரலம்மா" என்றாள். "வரும்."

அவளைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அங்கம்மாள் அழவில்லை. மதகையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நீயே கூட்டிட்டுப் போயிரு. அஞ்சு வரைக்கும் எண்ணச் சொல்லிக் குடுத்தேன். தண்ணி எங்க இருக்கும்னு சொல்லிக் குடுக்கணும்னு எனக்குத் தோணலையே. இன்னும் என்னென்ன தெரியாதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்? உனக்குத் தெரியும்."

இல்லை அக்கா, இருக்கட்டும், பழகிக்கொள்வாள் என்று சொல்வதுதான் மரியாதை. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அவர் அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோது என் சந்தோஷத்தை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது, ஆனாலும் அது குறையவில்லை.

திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார், பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பீலியடிக்குப் போனார். அஞ்சலை சரிவில் முன்போலவே இறங்கினாள். ஆனால் சாப்பிடும்போது நடுவில் நிறுத்தி, "அத்தை நேத்து வருவாங்களா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். கேள்வியே தப்பாக இருக்கும்போது எந்தப் பதில் சொன்னால் என்ன?

கங்காணி சேர்த்த புதுக் கூட்டம் ஒரு மாதம் கழித்து மலையேறி வந்தது. பெரட்டுக் களத்தில் அவர்களை நிறுத்தியிருந்தார்கள், நாங்கள் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். இந்த லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு வேறு எதைச் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், தாங்கள் விட்டு வந்த ஊரின் பெயரை. புதிதாக வந்தவர்களில் ஒரு பெண், தன் மண்ணைக் கேட்கிற ஆவலில், அங்கே நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக எந்த ஊரு, எந்த ஊரு என்று கேட்டாள். முசிறி, மணப்பாறை, திருமங்கலம் என்று பிள்ளைகள் டக்டக்கென்று சொல்லின. அவற்றில் ஒன்றுகூடத் தான் சொன்ன ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்து வந்தவள் என் மகள் ஒருத்திதான்.

"நீ எந்த ஊரும்மா?" என்று அவளைக் கேட்டாள்.

அஞ்சலை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை ஊரச் சொல்லவா, இந்த ஊரச் சொல்லவா?"

"ரெண்டையும் சொல்லு" என்றேன்.

அவள் இரண்டையும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அது எப்புடி ரெண்டு ஊரு இருக்கும்? ஒண்ணச் சொல்லும்மா" என்றாள்.

அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லித்தரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணும் என் முகத்தைப் பார்த்தாள். "அவளுக்கு ரெண்டும்தான்" என்றேன்.