ஒரு வாய்க்கு ஒரு லைசென்ஸ்

எங்கள் அண்ணியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நான்தான் எழுத வேண்டும். அண்ணனுக்குப் பொறுமை கிடையாது, மற்றவர்களுக்கு விவரம் தெரியாது. கீழே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மாடியில் அண்ணி திரைச்சீலை தைக்கிறார். அவருடைய மெஷின் ஓடும் சத்தம் நாள் பூராவும் என் உச்சந்தலையில்தான் கேட்டுக்கொண்டிருக்கும். அது நின்றால்தான் என்னவோ ஏதோ என்று மாடியைப் பார்ப்பேன்.

அண்ணனுக்கு மலைக்குப் பின்னால் பம்ப் ஹவுஸில் வேலை. ஊருக்குக் குடிதண்ணீரைத் தள்ளிவிட வேண்டும், தனி ஆள். அங்கே செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. முன்பு ஒரு தொலைபேசி இருந்தது, அதன் ஒயரை எந்தப் புண்ணியவானோ வெட்டிக்கொண்டு போய்விட்டான். இந்த லட்சணத்தில் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். போன வருடம் அப்படித்தான் மயங்கிக் கிடந்தார். வால்வு பார்க்க வந்த ஆள் தற்செயலாகக் கதவைத் தட்டப்போய் அண்ணன் பிழைத்தார். அதற்குப் பிறகு தினமும் மதியம் ஒரு மணிக்கு மாடியில் மெஷின் நின்றுவிடும். மனுஷன் சாப்பிட்டாரா, இல்லையா என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அவருக்கு உயிர் உயிராக இருக்காது.

ஒரு நாள் திரை மாட்டப் போன வீட்டில், மொட்டை மாடியில் நீளமாக ஒரு கம்பியைப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்.

"இதுல பேச போன் கம்பெனி வேணாமா சார்?" என்று அண்ணி கேட்டாராம்.

"எதுவும் வேணாம்மா. நம்ம பெட்டியிலருந்து நேரா அவங்க பெட்டிக்குப் போயிடும். ஆனா லைசென்ஸ் வேணும். அதுக்குப் பரீட்சை எழுதணும்."

அன்றைக்கு அந்த வீட்டுத் திரையில் பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கியது. மறுநாள் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு, வரும்போது வாத்தியாரிடமிருந்து பரீட்சைப் புத்தகத்தை வாங்கிவந்தார். நான் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதோடு என் நிம்மதி போயிற்று. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அண்ணிக்கு இத்தனை வருடம் இவ்வளவு கேள்விகள் எங்கே ஒளிந்திருந்தனவோ, தெரியவில்லை.

"தம்பி, மலை குறுக்க நிக்குதே. அலை எப்படி அந்தப் பக்கம் போகும், குனிஞ்சு போகுமா?"

"எனக்கென்ன தெரியும் அண்ணி? நான் காகிதம் விக்கிறவன்."

"வளைஞ்சு போகுமாம். புத்தகத்துல போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

கம்பியின் நீளம் அலையின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும் என்று படித்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அட, சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரிதான்" என்று தன் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். இன்னொரு நாள் கடைக்கே இறங்கிவந்து ஒரு விதியை வாசித்துக் காட்டினார். உயிருக்கு ஆபத்து என்றால் லைசென்ஸ் இல்லாதவர்கூடப் பேசலாம். "எவ்வளவு நல்ல சட்டம் பாருங்க தம்பி." நல்ல சட்டம்தான் என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மெஷினில் காகிதம் மாட்டப் போய்விட்டேன்.

பரீட்சையில் நாற்பது கேள்விக்கு முப்பத்தாறு சரி. லைசென்ஸை நானே லேமினேட் செய்து கொடுத்தேன். இரண்டு ரேடியோ செட் வாங்கி, வீட்டிலும் பம்ப் ஹவுஸிலும் கம்பி கட்டியாயிற்று. கட்ட வந்த வாத்தியார், "உங்க வீட்டுக்காரர் எப்ப எழுதினார்?" என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. தண்ணீர்க் குழாய் இணைப்பு மாதிரி வீட்டுக்கு ஒன்று போதும் என்று அண்ணி நினைத்திருக்கிறார்.

"ஒரு லைசென்ஸ் ஒரு வாய்க்குத்தாம்மா. அவர் கேக்கலாம். பேசக் கூடாது."

யாருக்குத் தெரியப்போகிறது, பேசச் சொல்லுங்கள் என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். "விதிப்படி நடப்பேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் தம்பி" என்றார். அண்ணனோ, "இந்த வயசுல பரீட்சையாவது, ஒண்ணாவது. நீ பேசு, நான் கேட்டுக்கிறேன்" என்று கையை விரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசித்தான் எனக்குப் பழக்கம்.

ஒரு மணிக்கு அண்ணி லைசென்ஸில் கொடுத்திருக்கும் தன் அழைப்புக் குறியைச் சொல்லி ஆரம்பிப்பார். முதலில், "டப்பாவைத் திறங்க, சாப்பிடுங்க." பிறகு பத்து நிமிடம் வம்பு. அந்தப் பம்புக்குப் பதினாறு வயதாகிவிட்டது, ஓட்டை உடைசல் என்பார். அதற்குப் பதினொரு வயதுதான், பிள்ளை மாதிரி அண்ணன் பார்த்துக்கொள்கிற பம்பு. கல்யாண போட்டோவில் அண்ணன் தலைமுடி அப்போதே பாதி கொட்டியிருந்தது என்பார். எல்லாம் வேண்டுமென்றே. கொதித்துப்போய் வந்து சாயங்காலம் அண்ணன் வாயைத் திறந்தால், "அது ரேடியோ பேச்சு, வீட்ல கிடையாது. பதில் சொல்லணும்னா லைசென்ஸ் எடுங்க" என்று மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவார். அண்ணன் பல்லைக் கடிப்பதைப் பார்க்க எனக்குப் பரம சந்தோஷம், பொய் சொல்வானேன்.

ஆறாவது வாரம் அண்ணன் கடைக்குள் நுழைந்து குரலைத் தாழ்த்தினார். "டேய், அந்தப் புத்தகத்த ஒரு காப்பி போடு. மேல சொல்லாத."

பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து படித்தார். அடுத்த பரீட்சையிலேயே முப்பத்து மூன்று வாங்கிப் பாஸ் பண்ணிவிட்டார். "என்னைவிட மூணு கம்மி" என்று அண்ணி மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் முதல்முதலாகப் பேசப்போகிற நாள் கடையைப் பாதி மூடிவிட்டு நானும் மாடிக்குப் போனேன். சரியாக ஒரு மணி. அண்ணி கூப்பிட்டார். செட் கரகரத்தது, அண்ணன் குரல் வந்தது. வணக்கம், சௌக்கியம் எதுவும் இல்லை.

"என்கிட்ட ஒரு லிஸ்ட் இருக்கு. ஒண்ணு, பம்புக்குப் பதினோரு வயசு. ரெண்டு, அந்த போட்டோவுல வெளிச்சம் சரியில்ல. முடி முழுசா இருந்துச்சு. மூணு..."

தினமும் எழுதி வைத்திருக்கிறார் மனுஷன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும்தான். பதிமூன்றுவரை அப்படியே போயிற்று.

"பதினாலு. அஞ்சாவது வாரம் ஒரு நாள், நீ கூப்பிடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கை நடுங்க ஆரம்பிச்சுது. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. செட்டை எடுத்துப் பட்டன்ல விரல் வச்சேன். லைசென்ஸ் இல்லையேன்னு எடுத்துட்டேன். அப்ப நீ வந்து டப்பாவைத் திறங்கன்னே. திறந்தேன். ஓவர்."

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றது. எனக்கும் சுருக்கென்றது. அந்த ஆபத்து விதியை என்னிடமும்தானே வாசித்துக் காட்டினார். நானும் அண்ணனிடம் சொல்லவில்லை. அண்ணி பட்டனை அழுத்தினார்.

"உயிருக்கு ஆபத்துன்னா லைசென்ஸ் வேணாம். நீங்க பேசியிருக்கலாம். எனக்குத் தெரியும். சொன்னா அதையே சாக்கா வச்சுப் பரீட்சை எழுத மாட்டீங்கன்னு வீம்புல சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

சொல்லிவிட்டு அழுதுகொண்டே பதிலுக்குக் காத்திருந்தார். விரல் மட்டும் பட்டனை விட்டு எழவில்லை.

"அண்ணி, விரலை எடுங்க. எடுத்தாத்தான் அவர் பேசறது கேக்கும்."

எடுத்தார். அண்ணன் பாதிப் பேச்சில் இருந்தார். "...அறுபத்திரண்டாம் பக்கம். பரீட்சைக்குப் படிக்கிறப்பவே அந்த விதியைப் பாத்துட்டேன். அத விடு. பதினஞ்சாவது சாப்பிட்டுட்டுச் சொல்றேன். அங்கயே இரு."

ஓவர் என்று சொல்லவில்லை. பட்டனையும் விடவில்லை. டப்பாவின் மூடி திறக்கிற சத்தம் வந்தது. பிறகு கரண்டி டப்பாவில் படும் சத்தம். தேவையில்லாமல் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் புத்தகத்தில் உள்ள விதிதான், அண்ணிக்கு மனப்பாடம். அதை அவர் சொல்லவில்லை. செட்டைக் காதோடு வைத்துக்கொண்டு, டப்பா காலியாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.