சண்டை பிந்தி வந்த வருடங்கள்

லிபியாவில் உள்நாட்டுச் சண்டை தொடங்கியது 2011இல். என் மகளுக்குத் தலை பின்னும் நேரத்தில் நான் சொன்ன கதையில் அது 2012இல் தொடங்கியது. அடுத்த வருடம் அதை 2013க்குத் தள்ளினேன். அதற்கடுத்த வருடமும் தள்ளினேன். அவள் அப்பா அங்கே வெல்டராக இருந்தார். சண்டை வந்தபோது அவளுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை.

அவர் பாலைவனத்துக்குப் போனதே கடலால்தான். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் அவருடைய ஊர். சுனாமியில் அவருடைய அப்பா போனார், உடல் கிடைக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது அது. அதன் பிறகு என் மாமியார் மகனை வள்ளத்தில் ஏற விடவில்லை. "கண்ணெட்டுத தூரத்துக்குத் தண்ணி இல்லாத இடமாப் பாத்துப் போலே" என்றாராம். இவர் வெல்டிங் படித்தார். ஏஜெண்ட் காட்டிய இடத்தில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. மாமியார் நிம்மதியாக உறங்கினார். நானும்தான்.

கடைசியாகப் போன் செய்தபோது அவர் குரலில் பயம் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இருந்ததாகத் தெரியவில்லை. கம்பெனி ரெண்டு வண்டி ஏற்பாடு செய்திருக்கிறது, துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது என்றார்.

"பிள்ள ஒறங்குகாளா?"

"இல்ல, இஞ்சதான் நிக்கா."

"அப்பம் குடு."

அவர் என்ன கேட்டாரோ, அவள் பேசாமல் போனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "வாயத் தொறந்து சொல்லுட்டி, அப்பாவுக்குக் காணாது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

முதல் வண்டியில் ஏறியவர்கள் எல்லாரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர் இரண்டாவது வண்டியில் ஏறியதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அந்த வண்டி என்ன ஆனது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் மரியாதையாகவே பேசினார்கள். காணவில்லை என்ற சொல்லைத் தாண்டி எங்களுக்கு இன்னொரு சொல் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் டிவியில் அந்தச் சண்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த மகள் திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா, சண்ட கொஞ்சம் பிந்தி வந்திருந்தா அப்பா வந்திருப்பாவளா?"

என் வாயில் ரிப்பன் இருந்தது. எடுத்துவிட்டுச் சொன்னேன். "வந்திருப்பாவ."

"வந்து?"

அப்படித்தான் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு லீவு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறங்கி, காரில் வந்து, களியக்காவிளையில் நிறுத்தி டீயும் பழம்பொரியும்.

"எனக்கும் வாங்குவாவளா?"

"வாங்குவாவ. வீடு வரதுக்குள்ள ஆறிப் போவும்."

"ஆறினது எனக்கு வேண்டாம். சூடாட்டுக் கொண்டுவரச் சொல்லு."

நானும் காரோட்டியை வேகமாக ஓட்டச் சொன்னேன்.

லீவு முடிந்தால் திரும்பிப் போக வேண்டும். அதனால் அடுத்த வருடத்துக்கும் சண்டையைத் தள்ளினேன். பிறகு ஒப்பந்தம் முடிந்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். மணல் ஆலையில் வேலை கிடைத்தது. குறட்டை விட்டார். அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, பொறுமை போய்த் திட்டினார். "அப்பா என்னத் திட்டமாட்டாவ" என்று அவள் அழப்போனாள். திட்டியதை வாபஸ் வாங்கினேன். அவர் வந்த பிறகும் சண்டையை வருடா வருடம் தள்ளிக்கொண்டேதான் இருந்தோம். தொடங்கிவிட்டால் கதை நின்றுபோகுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

சண்டையே வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் செய்தி பார்க்கிறவள் நான். பிந்தி வந்தது என்றால் நம்ப முடிந்தது, அவ்வளவுதான்.

இது பிள்ளைக்கு நல்லதா என்று தெரியவில்லை. பி.எட். படிக்கும்போது குழந்தை மனதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள். அந்தப் புத்தகங்களை எடுத்துப் புரட்டியும் பார்த்தேன். நாளை முதல் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்வேன். காலையில் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து காத்திருப்பாள். தொடங்கிவிடுவேன்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும், கடலுக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்வோம். அதன் பிறகு, இறந்துபோன ஆத்துமாக்களுக்காக ஒன்று. மாமனார் இரண்டாவதில் இருந்தார். என் கணவரை முதலாவதில் வைத்திருந்தோம். ஒரு சாயங்காலம் முதலாவதைத் தொடங்காமல் மாமியார் அப்படியே முழங்காலில் இருந்தார்.

"நான் எதுக்கு ஜெபிக்கணும், சொல்லு மக்கா. அவன் வரணும்னா, அவனுக்க ஆத்துமா எளைப்பாறணும்னா? ஒருவேள அவன் மோட்சம் போவாம கெடந்து நம்ம ஜெபத்துக்குக் காத்துக் கெடக்கான்னா? நான் இஞ்ச இருந்து அவன வா வான்னு விளிச்சிட்டு இருக்கேன்."

நான் ஜெபமாலையை எடுத்து டப்பாவில் வைத்தேன்.

"அவனுக்க ஆத்துமாவுக்கு ஒரு பூச வைப்போம். உனக்க மாமாவுக்கும் உடம்பு இல்லாமத்தான வச்சோம்."

"வச்சா செத்தாச்சுன்னு ஆவும் மாமி."

"வைக்காட்டா?"

நான் எழப்போனேன். "நீ அவனுக்க பெண்டாட்டி. நீ சொன்னாத்தான் நான் ஃபாதர்கிட்ட போவேன்" என்றார். பிள்ளைக்குப் புது நன்மை கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். வெள்ளை உடுப்பு உடுத்தி முதல் நற்கருணை வாங்கும் புது நன்மை அவளுக்கு அந்த வருடம்தான். கதையில் செய்ததுபோல் வீட்டிலும் நான் தள்ளிப்போடத்தான் செய்தேன்.

புது நன்மை வகுப்பில், அன்றைக்கு யாருக்காக வேண்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்று யோசித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் தலை பின்னும்போது அவள் கேட்டாள்.

"நம்ம கதையில அப்பா முன்னாலயே வந்தாச்சுல்லா?"

"ஆமா."

"அப்பம் ரெண்டாவது வண்டியில அப்பாக்க சீட்டுல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. காலி."

"எப்பிடிக் காலியாப் போவும்? அப்பா வேலைய விட்டா கம்பெனி வேற ஆள எடுக்கும்லா?" தலையைத் திருப்பி, "அந்த மாமாவுக்குப் பிள்ள உண்டா?" என்றாள்.

"அனங்காம இரு, பஸ் போயிரும்."

"நான் அந்த மாமாவுக்குத்தான் வேண்டப்போறேன்" என்றாள். "அவியளுக்கு யாரும் சண்டையப் பிந்தி வைக்கல்லல்லா."

அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து நான் வேலைக்குப் போகவில்லை. அந்தச் சீட்டில் உட்காரவைத்த யாரோ ஒருவனுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள், அவளும் எங்கேயோ ஒரு பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. அதற்குப் பிறகு யாரை அந்த வண்டியில் ஏற்றுவது? யோசித்து யோசித்து அவரைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் மாமியாரிடம், ஃபாதரைப் போய்ப் பாருங்கள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு அப்போதே புறப்பட்டார்.

புது நன்மைக்கு முந்தின வாரம் பூசை நடந்தது. இறந்தவர்களுக்கான வேண்டுதலில் ஃபாதர் அவர் பெயரைச் சொன்னார். அந்த இடத்தில் அந்தப் பெயரை நான் முதல்தடவையாகக் கேட்டேன். மாமியார் வாய்விட்டு அழுதார். பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். நானும் அழுவேன் என்று கைக்குட்டை கொண்டுபோயிருந்தேன். ஃபாதர் பெயரைச் சரியாகச் சொன்னாரா, பிள்ளை காலையில் சாப்பிட்டாளா என்றுதான் மனது ஓடியது.

மகள் என் கையை இழுத்தாள். "அம்மா, சண்ட தொடங்கியாச்சா?"

"தொடங்கியாச்சு, மக்களே."

அவள் கையை விட்டுவிட்டுப் பீடத்தைப் பார்த்து நின்றாள்.

இப்போது தலை பின்னும்போது வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசுகிறோம். மாமியாருக்கு எதற்கு ஜெபிப்பது என்று தெரிந்துவிட்டது; சாயங்காலங்களில் அவர் குரல் தெளிவாக இருக்கிறது. எனக்கு இரண்டு மந்திரத்திலும் வாய் மட்டும்தான் அசைகிறது. சண்டையை இன்னும் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் தள்ளியிருக்கலாம். அவளை அந்த வெள்ளை உடுப்பில் பார்த்துவிட்டாவது அவர் போயிருப்பார்.