அவள் கேட்ட தாழ்ப்பாள்

என் மகள் பிறந்தபோதே முதுகின் கீழ்ப்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. மூன்றாம் நாளே ஆபரேஷன் செய்தார்கள். முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறந்திருக்கிறாள், ஸ்பைனா பைஃபிடா என்றார்கள். அந்தப் பேர் என் வாயில் நுழையவே ஒரு வருஷம் ஆனது. பிறகு காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான கேலிப்பரை மாட்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினாள். அவள் நடப்பதைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் வெளியே தெரியாத ஒன்று இருந்தது. சிறுநீர் முட்டுவது அவளுக்குத் தெரியாது, தானாக முழுசாகப் போகவும் போகாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூப் ஒன்றை உள்ளே விட்டு வடிக்க வேண்டும். விட்டுவிட்டால் தேங்கி, கிட்னி கெட்டுப்போகும்.

அந்த வேலையை நான்தான் செய்தேன். உள்ளூர்ப் பள்ளியில் அவள் படித்த ஐந்து வருஷமும் பதினோரு மணிக்கு ஒருதரம், இரண்டு மணிக்கு ஒருதரம் போய்விடுவேன். மஞ்சள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவேன். கஷ்டம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், "இப்படி ஒரு அம்மா யாருக்குக் கெடைக்கும்" என்று டீச்சர்கள் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறாம் வகுப்புக்கு மொரப்பூர்ப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தின கோடையில் சேலத்துக்குச் செக்கப்புக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸ் என்னை விட்டுவிட்டு அவளிடம் நேராகக் கேட்டார்: "நீயே போட்டுக்கறயா கண்ணு?"

"சின்னப் பொண்ணுங்க அவ," என்றேன் நான்.

நர்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கத்துக்கறேங்க," என்றாள்.

அந்த லீவு முழுக்க அதுதான் வேலை. சோப்புப் போட்டுக் கை கழுவுவது, எதிரில் கண்ணாடியை வைத்துக்கொண்டு இடம் பார்ப்பது, அவசரப்படாமல் டியூபை விடுவது என்று ஒவ்வொன்றாகப் பழகினாள். முதல் வாரம் தினமும் அழுகை. டியூபை வீசி எறிந்தாள். இடம் தவறும்போதெல்லாம் என் கை தானாக நீளும், அவள் தட்டிவிடுவாள். ஒன்பதாம் நாள் குவளையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இருவரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். அதே கண்ணாடியை வைத்துக்கொண்டு சாயங்காலம் உள்ளங்காலையும் பார்க்கப் பழகினாள். வெயிலில் தரை சுட்டுக் கொப்பளித்தாலும் பாதத்தில் உணர்ச்சி இல்லாத அவளுக்கு வலிக்காது, கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

பள்ளி திறந்ததும், நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நேரம் வந்தால் அதிர்கிற வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டேன். இருந்தும் பதினோரு மணியானால் எனக்கு வேலை ஓடாது. ஒருநாள் பள்ளிக்கு எதிர்ப் பெட்டிக்கடை வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு மாதம் போனது. திடீரென்று குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. யூரினில் இன்ஃபெக்ஷன் என்றார் டாக்டர். நேரத்துக்கு டியூப் போட்டாயா என்று கேட்டதற்கு, போட்டேன் என்றாள். வீட்டுக்கு வந்து அவள் பையைத் திறந்து பார்த்தேன். டியூப் ஈரமாக இருந்தது. ஆனால் மாதம் பிறந்ததும் கூடவே வைத்துவிட்ட புதுச் சோப்பு, உறைகூடப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

அதன் பிறகுதான் சொன்னாள். பள்ளிக் கழிவறையின் தாழ்ப்பாள் கழன்று விழுந்துவிட்டதாம். ஒருநாள் இவள் உள்ளே இருக்கும்போது யாரோ ஒரு பெண் கதவைத் தள்ளிவிட்டாளாம். அன்றோடு போவதையே நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தியிருக்கிறாள். எனக்குத் தெரியக் கூடாதென்று தினமும் டியூபைக் குழாயில் நனைத்து எடுத்து வந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து நானே வருகிறேன் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பாமலேயே பேசினாள்.

"பொய் சொன்னது தப்புத்தான். ஆனா நீ வந்தா மட்டும் தாழ்ப்பா வந்துருமா?"

அப்படியென்றால் எச்.எம்.மிடம் நான் கேட்கிறேன் என்றேன்.

"நான் கேக்கறேன். நீ பக்கத்துல மட்டும் நில்லு."

காய்ச்சல் விட்டு அவள் பள்ளிக்குப் போன அன்று எச்.எம். அறைக்குள் இருவரும் போனோம். அந்த அம்மா எல்லாரையும் போல என்னைப் பார்த்து, என்னங்க விஷயம் என்று கேட்டார். நான் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் வாக்கரை ஒரு அடி முன்னால் நகர்த்திவைத்துப் பேசினாள்.

"எனக்கு யூரின் தானா வராதுங்க மிஸ். டியூப் போட்டுத்தான் எடுக்கணும். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா வேணுங்க. டியூப் வெக்க ஒரு சின்னப் பலக வேணுங்க."

எச்.எம். நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "வேற என்ன வேணும்?"

"ஒரு கொக்கி. பைய மாட்டறதுக்கு."

கொக்கி வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஐந்து வருஷமாக அந்தப் பையை என் தோளில்தான் மாட்டியிருந்தேன்.

அந்த வாரமே ஆசாரி வந்து மூன்றையும் அடித்துக் கொடுத்தார். மற்ற கதவுகளுக்கும் சேர்த்துத் தாழ்ப்பாள் போடச் சொன்னாராம் எச்.எம். எல்லாப் பெண்களும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்கள், வாயைத் திறந்து கேட்டவர்தான் யாருமில்லை.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை விளையாட்டு விழாவில் சிறுநீர் கசிந்து பாவாடை நனைந்து, இரண்டு நாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். மூன்றாம் நாள் மாற்றுப் பாவாடை ஒன்றைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனாள். கூடப் படிக்கும் ஒரு பெண்ணிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது எட்டாம் வகுப்பு. போன மாதம் அறிவியல் கண்காட்சிக்கு டீச்சரோடு ரயிலில் சேலம் போனாள். நான் இல்லாமல் அவள் மொரப்பூரைத் தாண்டிப் போனது அதுதான் முதல்முறை. நான் அடுக்கி வைத்த பையைக் கொட்டிவிட்டு அவளே மறுபடி அடுக்கினாள். சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து கண்காட்சியைப் பற்றியே பேசினாள். காற்றாலை மாதிரி ஒன்று, யாரோ செய்த எரிமலை, பரிசு கிடைக்காத வருத்தம். வீடு வரும்வரை பொறுத்திருந்து, டியூப் போட்டாயா என்று கேட்டேன்.

"அங்க பாத்ரூமுக்கு மூணு படிமா. ரெண்டு பொண்ணுங்கள வாக்கரப் புடிக்கச் சொல்லி ஏறிட்டேன்," என்றாள். பிறகு கேலிப்பரைக் கழற்றிக்கொண்டே, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.